பொருளாதார நுழைவுத் தேர்வுக் கட்டுரை: வடசென்னைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொருளாதாரக் கட்டுரை எழுதப் பழக்கி வருகிறேன். பிளஸ் டூ படிப்பவர்களும் உண்டு, கல்லூரியில் கடைசி வருடம் இருப்பவர்களும் உண்டு. யார் வந்தாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளம். அந்த இடங்களில்தான் மதிப்பெண் போகிறது, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

எந்தத் தேர்வில் கட்டுரை வரும்?

எல்லாவற்றிலும் வராது. முதுகலைப் பொருளாதாரத்துக்கு நம் பிள்ளைகள் பெரும்பாலும் எழுதும் சியூஇடி பிஜி என்ற பொது நுழைவுத் தேர்வு முழுக்கக் கொள்குறி வினாதான். அதற்கு மட்டும் தயாராகிறீர்கள் என்றால் இதைப் படிக்கும் நேரத்தில் கணக்குப் போடுங்கள். கட்டுரைக்குப் பேர்போனது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இளங்கலைப் பொருளாதாரத்துக்கு நடத்திய ஈசிஏஏ என்ற நுழைவுத் தேர்வு. அதில் முதல் ஒரு மணி நேரம் கணக்கும் தர்க்கமும், அடுத்த ஒரு மணி நேரம் ஒரே ஒரு கட்டுரை. ஒரு கட்டுரைப் பகுதியைப் படிக்கக் கொடுத்து அதையொட்டி ஒரு கேள்வி கேட்பார்கள், வேறு தலைப்பைத் தேர்ந்தெடுக்க வழி கிடையாது. இப்போது அதை நிறுத்திவிட்டு டிஎம்யூஏ என்ற கணிதத் தேர்வுக்கு மாறிவிட்டார்கள், ஆனாலும் பழைய ஈசிஏஏ வினாத்தாள்களைவிடப் பயிற்சிக்கு நல்லது எதுவும் நான் பார்த்ததில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் டிஎஸ்ஏ என்ற சிந்தனைத் திறன் தேர்வின் இரண்டாம் பகுதியும் அரை மணி நேரக் கட்டுரையாக இருந்து வந்தது. இவை தவிர உதவித்தொகைத் தேர்வு, நேர்காணலுக்கு முன்னால் உட்கார வைத்து எழுதச் சொல்வது என்று வேறு வடிவங்களிலும் வரும். தேர்வு முறை வருடத்துக்கு வருடம் மாறுகிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் வருடத்துக்கான அறிவிப்பை அந்தக் கல்லூரியின் தளத்திலேயே பாருங்கள், சீனியர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

நான் கணக்கு-அறிவியல் குரூப். பொருளாதாரமே படித்ததில்லை. எழுத முடியுமா?

முடியும். ஈசிஏஏ கட்டுரைக்குப் பள்ளியில் பொருளாதாரம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, வாதம் ஒழுங்காக நகர்கிறதா என்றுதான் பார்த்தார்கள். அதற்காக எதுவும் படிக்காமல் போகாதீர்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பிளஸ் ஒன் பொருளாதாரப் புத்தகம் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி (விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பது), சந்தை வகைகள் வரும் பாடங்களை மட்டும் இரண்டு முறை படியுங்கள், அப்புறம் பிளஸ் டூ புத்தகத்தில் பணவீக்கம், வங்கி, நிதிக் கொள்கை. தொடங்க இது போதும்.

விவரமாக எழுதியிருக்கிறேன், ஆனாலும் 'ஆய்வு இல்லை' என்கிறார்களே, அது என்ன?

இதுதான் முக்கியமான கேள்வி, இதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'மீன்பிடித் தடைக்காலம் மீனவர்களுக்கு நன்மை தருகிறதா?' காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இது வீட்டு விஷயம், எழுத நிறைய இருக்கும். பெரும்பாலும் இப்படி எழுதிக் கொண்டு வருவார்கள்: 'தடைக்காலத்தில் மீன் விலை ஏறுகிறது. மீனவர்கள் வருமானம் இழக்கிறார்கள். அரசு நிவாரணம் தருகிறது. ஆனால் மீன்வளம் பெருகுவதால் இது நல்ல திட்டமே.' ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. மதிப்பெண் மட்டும் வராது, ஏனென்றால் ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்த வாக்கியத்துக்கு எப்படி வந்தோம் என்று எங்கேயும் சொல்லவில்லை.

இப்போது அதையே இழுத்துப் பிடித்து யோசிப்போம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. வரத்து குறைகிறது, சரி. விலை எவ்வளவு ஏறும்? வாங்குகிறவருக்கு வேறு வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மேற்குக் கடற்கரையில் தடைக்காலம் ஜூன் 1 அன்று தொடங்கி ஜூலை 31 வரை நீடிக்கிறது. அப்படியென்றால் மே மாதம் முடியும்வரை மேற்குக் கரை மீன் லாரியில் சென்னைக்கு வர வழியிருக்கிறது, ஆனால் ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு கரையும் மூடியிருக்கும். ஆகவே விலை ஏற்றம் 61 நாளும் ஒரே மாதிரி இருக்காது, அந்த இரண்டு வாரத்தில்தான் அதிகமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால், உறைய வைத்த மீனோ கோழிக்கறியோ வஞ்சிரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். பாருங்கள், இப்போது நீங்கள் சொன்னது சரியா தவறா என்று மார்க்கெட்டுக்குப் போய் ஒருவர் சரிபார்க்கலாம். ஆய்வு என்று அவர்கள் எதிர்பார்ப்பது இதைத்தான்.

அடுத்து 'மீனவர்கள்' என்ற சொல். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! விசைப்படகு முதலாளி, பங்குக்குக் கடலுக்குப் போகிற தொழிலாளி, கரையோரமாகப் போய்வரும் ஃபைபர் படகுக்காரர், ஏலம் எடுத்துக் கூடையில் கொண்டுபோய்த் தெருவில் விற்கும் பெண்கள். விலை ஏறினால் தடைக்குள் வராத சிறு படகுக்காரருக்கு வருமானம் கூடலாம். பங்குத் தொழிலாளிக்கு வருமானமே நின்றுவிடுகிறது. தெருவில் விற்கும் அம்மாவுக்கு வாங்குகிற விலையும் ஏறுகிறது, விற்கிற அளவும் குறைகிறது, முதலும் கையில் இருக்காது. ஆகவே நிவாரணம் யாருக்குப் போகிறது என்பது தடைக்காலம் நல்லதா கெட்டதா என்பதையே மாற்றக்கூடிய விஷயம்.

கடைசியாக, அரசு ஏன் தலையிட வேண்டும்? மீன் பெருகினால் லாபம் மீனவருக்குத்தானே, அவர்களே நிறுத்திக்கொள்ளலாமே? ஒரு படகு மட்டும் நின்றால் அது விட்டுவைத்த மீனை அடுத்த படகு பிடித்துவிடும், நின்றவருக்கு நஷ்டம்தான் மிச்சம். ஆனால் இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். இப்படிப் பொதுவில் இருக்கும் வளத்தை ஊர்க்காரர்களே விதி வகுத்துக் காப்பாற்றுவதும் உண்டு என்று காட்டியவர் எலினோர் ஆஸ்ட்ரோம், 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். நம் மீனவர் ஊர்களிலும் பஞ்சாயத்துக் கட்டுப்பாடு இருக்கிறதே. அப்படியானால் அது எப்போது போதாமல் போகும்? வேறு வேறு ஊர்ப் படகுகளும் பக்கத்து மாநிலப் படகுகளும் அதே கடலில் பிடிக்கும்போது, ஒரு ஊர்ப் பஞ்சாயத்தின் சொல் அடுத்த ஊரில் செல்லாது. அங்கேதான் பொதுவான தடைக்கு நியாயம் கிடைக்கிறது. அந்த நியாயத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு: நாம் பிடிக்கிற மீன் அந்த மாதங்களில்தான் இனப்பெருக்கம் செய்ய வேண்டும். இல்லையென்றால் நன்மை சுருங்கிவிடும், செலவு மட்டும் அப்படியே நிற்கும்.

இவ்வளவையும் எழுத நோபல் பரிசு தேவையில்லை. யார், எதனால், எதை மாற்றுகிறார், அதனால் அடுத்தவர் என்ன செய்வார், எந்த நிபந்தனையில் இது நடக்காது என்று விடாமல் கேட்டுக்கொண்டே போனால் போதும்.

கொடுத்த பகுதியை எப்படிப் படிப்பது?

முதலில் கேள்வியைப் படியுங்கள், அப்புறம் பகுதியை. படிக்கும்போது மூன்றைப் பிரித்துக் குறியுங்கள்: ஆசிரியர் தகவலாகச் சொல்வது, அவருடைய வாதம், அவர் சொல்லாமலே உண்மை என்று எடுத்துக்கொண்டது. மூன்றாவதைப் பிடித்தால் கட்டுரையில் பாதி வேலை முடிந்தது. 'பேருந்துக் கட்டணம் இல்லை என்றால் பெண்கள் தேவையில்லாமல் பயணம் செய்வார்கள்' என்று ஒருவர் எழுதினால், முன்பு காசு இல்லாததால் நின்றுபோன பயணம் எல்லாம் தேவையற்றது என்று அவர் எடுத்துக்கொள்கிறார். 2021-ல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபோது, வியாசர்பாடியிலிருந்து தூரமாக இருந்தாலும் கூடுதல் சம்பளம் தருகிற வேலைக்கு ஒரு பெண் போக முடிந்தது என்றால், அந்தப் பயணம் வீணா? இந்த ஒரு கேள்வியிலேயே உங்கள் கட்டுரை தொடங்கிவிடும். அப்புறம் மறுபக்கமும் பாருங்கள்: அந்தப் பணத்தில் கூடுதல் பேருந்து விட்டிருந்தால் அதே பெண்ணுக்கு இதைவிட நன்மை கிடைத்திருக்குமா?

பகுதியில் உள்ளதைத் திருப்பி எழுதாதீர்கள். திருத்துகிறவர் அதை ஏற்கெனவே படித்திருக்கிறார்.

என் முடிவை முதலிலேயே சொல்லலாமா, கடைசியில் சொல்லவா?

முதல் பத்தியிலேயே சொல்லுங்கள், நிபந்தனையோடு சொல்லுங்கள். 'இரண்டு பக்கமும் நியாயம் உள்ளது' என்று தொடங்கி 'இரண்டையும் சமநிலையில் வைக்க வேண்டும்' என்று முடிக்கும் கட்டுரைகள் மேடைப் பேச்சுக்குச் சரி, தேர்வுக்கு உதவாது. 'நிவாரணம் பங்குத் தொழிலாளிக்கும் தெருவில் விற்கும் பெண்களுக்கும் போய்ச் சேர்ந்தால் தடைக்காலம் நன்மை தரும், படகு வைத்திருப்பவர்களோடு நின்றுவிட்டால் தராது' என்று எழுதிப் பாருங்கள். படிப்பவருக்கு உடனே தெரியும், இந்தப் பிள்ளைக்கு ஒரு நிலைப்பாடு இருக்கிறது என்று.

எதிர்வாதம் கட்டாயமா? எவ்வளவு எழுதணும்?

கட்டாயம். ஆனால் அடித்துத் தள்ளச் சுலபமான எதிர்வாதத்தை நீங்களே உண்டாக்கிக்கொள்ளாதீர்கள், இருப்பதிலேயே பலமானதை எடுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளை எல்லோருக்கும் தெரியும். நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை எடுத்துக் காட்டும் பெண்களையும் தெரியும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. இதற்குப் பலமான எதிர்வாதம் 'முதலாளிக்குச் செலவு' என்பது இல்லை. அது இப்படி இருக்கும்: உட்காருவது தொழிலாளிக்கு அவ்வளவு முக்கியம் என்றால், இருக்கை கொடுக்கும் கடைக்குக் கொஞ்சம் குறைந்த சம்பளத்துக்கே ஆள் கிடைக்குமே, முதலாளிகளே போட்டி போட்டுக்கொண்டு கொடுத்திருப்பார்களே, சட்டம் எதற்கு? இதற்குப் பதில் தேடும்போதுதான் நீங்கள் பொருளாதாரம் பேசத் தொடங்குகிறீர்கள். வேலை மாறுவது அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு சுலபமா? வீட்டுக்குப் பக்கத்தில் எத்தனை கடைகள், எத்தனை முதலாளிகள்? ஒரு கடை மட்டும் நாற்காலி போட்டால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்ற பயத்தில் எல்லாக் கடையும் காத்திருந்தால், சட்டம் அந்தப் பயத்தை ஒரே நேரத்தில் எல்லோரிடமிருந்தும் எடுத்துவிடுகிறது இல்லையா? எதிர்வாதத்துக்கு இப்படி ஒரு முழுப் பத்தி கொடுங்கள். 'சிலர் இதை எதிர்க்கின்றனர், ஆனால் அது தவறு' என்ற ஒற்றை வரியைவிட ஒன்றும் எழுதாமலே இருக்கலாம்.

புள்ளிவிவரம் எதுவும் நினைவில் இல்லை. என்ன செய்வது?

கற்பனை எண் ஒருநாளும் போடாதீர்கள். எண் இல்லாமலே நல்ல கட்டுரை எழுதலாம், பொய் எண்ணைப் பார்த்துவிட்டால் மொத்தக் கட்டுரையின் மீதும் நம்பிக்கை போய்விடும். கொடுத்த பகுதியில் இருக்கும் எண்களை முதலில் பயன்படுத்துங்கள்.

இருபது ஆய்வுகளை மேலோட்டமாகத் தெரிந்து வைப்பதைவிட இரண்டை முழுக்கத் தெரிந்து வையுங்கள். என் பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் இருவரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992-ல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது, பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. எல்லைக்கு இரண்டு பக்கமும் இருந்த துரித உணவுக் கடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கூலி ஏறினால் வேலை குறையும் என்று பாடப்புத்தகம் சொன்னதற்கு மாறாக, நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. கார்டுக்கு 2021-ல் நோபல் கிடைத்தது.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது முடிவை மட்டும் இல்லை, ஒப்பிட்ட முறையையும்தான். மெட்ரோ வந்ததால் திருவொற்றியூரில் கடை வாடகை ஏறியது என்று எழுதுகிறீர்களா? 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் ஓடத் தொடங்கியது உண்மை, ஆனால் கொரோனாவுக்குப் பிறகு எங்கேயும் வாடகை ஏறிக்கொண்டிருந்தால்? மெட்ரோ வராத, மற்ற விதத்தில் திருவொற்றியூர் மாதிரியே இருக்கும் ஒரு பகுதியோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும் என்று ஒரு வரி எழுதினால், அது பத்து புள்ளிவிவரத்துக்குச் சமம். கூடவே, நியூ ஜெர்சியில் நடந்தது எண்ணூரிலும் நடக்கும் என்று அப்படியே தூக்கி வைக்காதீர்கள். கூலிச் சட்டத்தை யாரும் சோதிக்காத முறைசாரா வேலையில் கதை வேறு.

நம்ம ஏரியா உதாரணம் போட்டால் வெளிநாட்டில் திருத்துகிறவருக்குப் புரியுமா அக்கா?

புரியும், ஒரு வரி அறிமுகம் கொடுத்தால். சொல்லப்போனால் அதுதான் உங்கள் பலம். லண்டன் நெரிசல் கட்டணத்தைப் பற்றி எல்லாப் பிள்ளைகளும் எழுதுவார்கள், எண்ணூர் கழிமுகத்தைப் பற்றி நீங்கள் மட்டும்தான் எழுதுவீர்கள்.

புறவிளைவு, அதாவது ஒருவர் செய்வதன் செலவு சம்பந்தமில்லாத மற்றவர் தலையில் விழுவது, பற்றிய கேள்வி வந்தால் இப்படிப் போகலாம்: அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்ததால் இறால் பிடிப்பவர்கள் இழந்தது மின்சார விலையில் சேர்க்கப்படவில்லை. நகரம் முழுக்க மின்சாரத்தை அதன் உண்மையான செலவைவிடக் குறைவாக வாங்குகிறது, மீதியை எண்ணூர்க்காரர்கள் கட்டுகிறார்கள். சேதம் செய்பவர் மீது வரி போடலாம் என்பது பொருளியலாளர் பிகூவின் வழி. இன்னொரு பொருளியலாளர் ரொனால்டு கோஸ் 1960-ல் சொன்னது வேறு: உரிமை யாருக்கு என்பது தெளிவாக இருந்து, பேரம் பேசச் செலவில்லை என்றால், இரண்டு தரப்புமே பேசித் தீர்த்துக்கொள்ளும். எண்ணூரில் அது ஏன் நடக்காது? ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள், இன்னொரு பக்கம் மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, துறைமுகம் என்று வரிசை. எந்தச் சேதம் யாரால் என்று பிரிப்பதே கஷ்டம், ஆறு யாருக்கு உரிமை என்பதும் தெளிவில்லை. கோஸ் சொன்ன நிபந்தனைகள் ஒவ்வொன்றும் இங்கே உடைவதைக் காட்டினால் அது மனப்பாடம் செய்த பிள்ளை எழுத முடியாத பத்தி.

ஒரு எச்சரிக்கை. கோபம் வரும், எனக்கும் வருகிறது, 2023 டிசம்பரில் கழிமுகம் முழுக்க எண்ணெய் மிதந்ததைப் பார்த்த யாருக்கும் வரும். அந்தக் கோபம் தலைப்பைத் தேர்ந்தெடுக்கட்டும், வாக்கியங்களை வாதம் எழுதட்டும்.

வரைபடம் போடலாமா?

அனுமதித்தால், தேவைப்பட்டால் மட்டும். போட்ட வரைபடத்தைப் பற்றி நாலு வரி எழுத முடியவில்லை என்றால் போடாதீர்கள்.

தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் எழுத பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான், ஆனால் அவர்கள் எதிர்பார்ப்பது அலங்கார ஆங்கிலம் இல்லை. திட்டத்தைத் தமிழில் போடுங்கள். 'ஆகவே', 'ஆனால்', 'அப்படி இல்லையென்றால்' என்று உங்கள் வாதம் திரும்பும் இடங்களைத் தமிழில் சரிசெய்துவிட்டால், ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதலாம். ஒரு வாக்கியத்தில் ஒரு கருத்து. பெரிய சொல் தேடி நேரத்தை விடாதீர்கள். பொருளாதாரச் சொற்கள் ஐம்பது அறுபதை மட்டும் ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதப் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

படிக்கப் பத்து நிமிடம், திட்டம் போடப் பத்து, எழுத முப்பத்தைந்து, திருப்பிப் பார்க்க ஐந்து. அந்தத் திட்டப் பத்து நிமிடத்தை யாரும் நம்புவதில்லை, பக்கத்தில் இருப்பவர் எழுதத் தொடங்கியதும் கை பரபரக்கும். விடாதீர்கள். நாலு பத்தி, ஒவ்வொன்றும் என்ன சொல்லப்போகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு, அந்த நாலு வரியை மட்டும் தொடர்ச்சியாகப் படித்தால் வாதம் புரிகிறதா என்று பாருங்கள். அரை மணி நேரத் தேர்வென்றால் எல்லாவற்றையும் பாதியாக்கி, மூன்று பத்தியோடு நிறுத்துங்கள்.

கோச்சிங் சென்டரில் முன்னுரை, மேற்கோள் எல்லாம் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள்...

வேண்டாம். எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற முன்னுரை எந்தத் தலைப்பைப் பற்றியும் எதுவும் சொல்லாது. அந்தப் பணத்தைப் பேருந்துக்கும் ஜெராக்ஸுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே உட்கார்ந்து பழகுவது? வீட்டில் இடமில்லை.

கொளத்தூர் அகரத்தில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகம் மாதிரி இடங்கள் இதற்காகவே இருக்கின்றன, அமைதியாக உட்காரலாம். இல்லையென்றால் உங்கள் பகுதிக் கிளை நூலகம். வாரம் ஒரு கட்டுரை, கைக்கடிகாரம் வைத்து, பேனாவால். அப்புறம் அதே கட்டுரையை அடுத்த வாரம் மறுபடி எழுதுங்கள். புதுத் தலைப்பு எழுதுவதைவிட இது அதிகம் கற்றுத்தரும்.

யாரிடம் காட்டித் திருத்துவது? எங்கள் வீட்டில் யாரும் படித்ததில்லை.

பொருளாதாரம் தெரிந்தவர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வீட்டிலேயே படித்துக் காட்டுங்கள். தமிழில் சொல்லுங்கள், போதும். கடை வைத்திருக்கும் மாமாவோ மார்க்கெட்டில் விற்கும் அத்தையோ 'அப்படியெல்லாம் நடக்காதும்மா, விலை ஏறினா அவங்க வேற மீன் வாங்கிடுவாங்க' என்று ஒரு வரி சொன்னால், உங்கள் வாதச் சங்கிலி எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த வரியை அப்படியே எதிர்வாதமாகக் கட்டுரைக்குள் கொண்டு வாருங்கள்.

தலைப்பே தெரியாத ஒன்று வந்துவிட்டால்?

வரும். கார்பன் சந்தை, மத்திய வங்கியின் மின்னணுப் பணம் என்று எதுவும் வரலாம். பதறாமல் பகுதியை இன்னொரு முறை படியுங்கள், தேவையான தகவல் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். பிறகு நாலு கேள்வி: இதில் யார் முடிவெடுக்கிறார்? அவருக்கு என்ன லாபம், என்ன தடை? இந்த மாற்றத்தால் அவர் எதை வேறு மாதிரி செய்வார்? அதன் செலவு யார் தலையில் விழும்? நாலுக்கும் ரஃப் தாளில் ஒவ்வொரு வரி எழுதிவிட்டால் நாலு பத்திக்கான பொருள் கிடைத்துவிடும், அதன் பிறகு பேனாவை விடைத்தாளுக்குக் கொண்டு போங்கள்.